ரக்கூன் நாட்குறிப்பு: ஒன்ராறியோ, கனடா, இலையுதிர்காலம்

செப்டெம்பர் 16, 2024

இன்று என் ஆய்வு மேசைக்கு வந்தது ஓர் இளம் ஆண் ரக்கூன்: கண்களைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போன்ற பட்டையும் வளையமிட்ட வாலும் உள்ள வட அமெரிக்க விலங்கு. பட்டப்பகலில் வீதியோரம் தள்ளாடிக்கொண்டு நின்றதாம். ஆட்களைக் கண்டும் ஓடவில்லையாம். இமைகள் பீளையால் ஒட்டிப்போயிருந்தன. உள்ளங்காலின் தோல் தடித்து வெடித்திருந்தது. பார்த்தவுடனே டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் என்றுதான் தோன்றியது. ஆனால் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வந்த ரக்கூனும் இப்படித்தான் தள்ளாடும், இப்படித்தான் பயமற்று நிற்கும். மூளைத் திசுவைச் சோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது அதனால்தான்.

செப்டெம்பர் 18

ரேபிஸ் இல்லை, டிஸ்டெம்பர்தான். மனிதருக்குத் தொற்றாது, தடுப்பூசி போடாத நாய்க்குத் தொற்றும். அந்தத் தெருவில் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்லி எழுதி அனுப்பினேன்.

செப்டெம்பர் 22

பக்கத்து வீட்டு அன்ரியின் கூரைக்குள் ரக்கூன் புகுந்துவிட்டது. "பிள்ளை, கூண்டு வைத்துப் பிடித்து, காரில் ஏற்றி ஏதாவது காட்டில் விட்டுவிடலாமே. அதற்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார்.

"வேண்டாம் அன்ரி. பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் விடக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது" என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ரக்கூன் நோய்களைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் மனவருத்தம் தந்த கதை இதுதான்.

ரக்கூன்களிடையே ரேபிஸ் முதலில் புளோரிடாவில், 1940களில் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் அது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்குள்ளேயே மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. 1970களில், வேட்டைக்குப் போதிய ரக்கூன்கள் இல்லையென்று வடக்கே இருந்தவர்கள் தெற்கிலிருந்து அவற்றைக் கூண்டு கூண்டாகக் கொண்டுவந்து விட்டார்கள். 1977 இல் மேற்கு வேர்ஜீனியாவில் அதே கிருமி தலைகாட்டியது. நோய் தன் கால்களால் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும் தூரத்தை லொறி ஒரே நாளில் கடந்துவிட்டது. பிறகு நியூயோர்க், நியூ இங்கிலாந்து என்று பரவி, 1999 இல் ஒன்ராறியோவுக்கும் வந்தது.

இங்கே அதை விடாப்பிடியாக எதிர்த்தார்கள். நோய் கண்ட இடத்தைச் சுற்றிலும் ரக்கூன்களைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விட்டார்கள். மிக நெருக்கத்தில் இருந்தவற்றைக் கொல்லவும் செய்தார்கள். 2005 க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பத்து ஆண்டுகள் அப்படியே போயின. 2015 டிசெம்பரில் ஹமில்ற்றன் நகரில், விலங்குக் கட்டுப்பாட்டு வண்டிக்குள் இரண்டு நாய்களும் ஒரு நோயுற்ற ரக்கூனும் சண்டையிட்டுக்கொண்டன. ரக்கூனைச் சோதித்தபோது ரேபிஸ். அந்தக் கிருமியின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், எல்லையை ஒட்டிய பகுதியின் கிருமியோடு அல்ல, நியூயோர்க் மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள கிருமியோடுதான் அது நெருக்கமாகப் பொருந்தியது. அவ்வளவு தூரம் எந்த ரக்கூனும் நடந்து வராது. ஏதோ ஒரு வண்டியில் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடுப்பு மருந்துத் துண்டுகள் விமானத்திலிருந்தும் கையாலும் போடப்பட்டுவிட்டன. கரும்பச்சை நிறம், இனிப்பு வாசனை. உள்ளே சிறு பொதியில் திரவ மருந்து. ரக்கூன் கடித்து மென்றால் போதும்.

ஒக்டோபர் 3

அன்ரியின் பின்முற்ற மரத்தளத்தின் மூலையில் மலக்குவியல். ரக்கூன்கள் ஒரே இடத்தைக் கழிப்பிடமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். பேரன் சனிக்கிழமைகளில் அங்கேதான் விளையாடுகிறான் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து மாதிரி எடுத்து வந்தேன்.

பேலிசாஸ்காரிஸ் என்னும் உருளைப்புழு ரக்கூனின் குடலில் பெரும்பாலும் தொந்தரவின்றி வாழ்கிறது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். அவை ஒரு குழந்தையின் வாய்க்குள் போனால் அது வெறும் குடற்புழுத் தொல்லையோடு நிற்காது. இளம்புழு மூளைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் அலையக்கூடும். இத்தகைய நோயாளிகள் அரிது, ஆனால் வந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஒன்று நமக்குச் சாதகம்: புதிதாக விழுந்த முட்டை உடனே தொற்றாது, அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ஆகவே சுணங்காமல் அள்ளிவிட வேண்டும். மண்ணில் விட்டால் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பிளீச் ஊற்றினாலும் சாகாது, கொதிநீருக்குத்தான் சாகும்.

ஒக்டோபர் 13

இறந்த ரக்கூன் ஒன்றின் முன்கையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மெல்லிய விரல்கள், மயிரில்லாத கரிய உள்ளங்கை, சிறு சிறு மேடுகள். நனைந்தால் அந்தத் தோலின் தொடுவுணர்வு கூடுகிறது என்று நரம்புப் பதிவுகள் காட்டியிருக்கின்றன. 1959 இல் வெல்கர், சைடன்ஸ்டைன் இருவரும் ரக்கூன் மூளையின் தொடுவுணர்வுப் பகுதியை வரைபடமாக்கியபோது, அதில் பெரும்பங்கு இந்தக் கைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது; ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடிப்பு. இருட்டில், நீருக்கடியில், கல்லுக்குக் கீழே நண்டு இருக்கிறதா என்று இது கையால் பார்க்கிறது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து லராமி நகரில் காட்டு ரக்கூன்களுக்கு அடையாளச் சில்லு பொருத்திப் புதிர்ப்பெட்டிகள் வைத்தார்கள். துணிச்சல் மிக்கவையல்ல, சாந்தமானவையே அதிகம் கற்றுக்கொண்டன. நாமோ முரட்டுத்தனம் காட்டுவதைத்தான் முதலில் பிடித்து அகற்றுகிறோம். மிஞ்சுவது கெட்டிக்கார ரக்கூன் என்றால், கூண்டுகளால் இந்தப் பிரச்சினை தீராது என்றே நினைக்கிறேன்.

ஒக்டோபர் 15

அன்ரி வீட்டுக் கூரையில் ஒருவழிக் கதவு பொருத்திவிட்டார்கள். வெளியே போகலாம், திரும்ப நுழைய முடியாது. வசந்தத்தில் பிறந்த குட்டிகள் இப்போது தாயோடு நடக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால் உள்ளே எதுவும் சிக்கிக்கொள்ளாது. மே மாதமாக இருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

ஒக்டோபர் 17

கூரை காலி. ஓட்டையைக் கம்பிவலையால் அடைத்தாயிற்று. ரக்கூன் அதே தெருவில்தான் இருக்கிறது. இரவு பெரிய மேப்பிள் மரத்தில் கண்டதாக அன்ரி சொன்னார்.

மலமாதிரியை இன்றுதான் பார்க்க முடிந்தது. அடர்ந்த சீனிக் கரைசலில் கலந்து சுழற்றியபோது முட்டைகள் மேலே மிதந்து வந்தன: கபில நிறம், தடித்த ஓடு, அதன்மேல் நுண்ணிய குழிகள். நுண்ணோக்கியின் ஒரே பார்வைப்புலத்தில் பல. அன்ரியை அழைத்து, நான் வரும்வரை பேரனைப் பின்முற்றத்துக்கு விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை காலை பெரிய கேத்தல்களோடு போகிறேன்.