டிக்கெட்டைத் திறப்பவர் யார்?

குழுவின் வேலைகளையும் கோரிக்கைகளையும் பதிந்து பின்தொடர எது வேண்டும், ஜிராவா, ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டா? வசதிப் பட்டியல்களை ஒப்பிடத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டும் அட்லாசியன் நிறுவனத்தின் மென்பொருள்கள், அடியில் இருக்கும் டிக்கெட்டும் (ஒரு வேலை அல்லது கோரிக்கையின் பதிவு) வொர்க்ஃப்ளோவும் (அது கடந்துபோகும் நிலைகளின் வரிசை) ஒன்றே. பார்க்க வேண்டியது டிக்கெட்டைத் திறப்பவர் யார் என்பதை. குழுவே திறந்து குழுவே முடிக்கும் வேலைக்கு ஜிரா போதும். பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ஸ்பிரின்ட் (சில வார வேலைச் சுற்று), ரிலீஸ் (வெளியீடு) எல்லாம் அங்கேதான். வெளியாள் ஒருவர் திறந்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றால் போர்ட்டல் (கோரிக்கை அனுப்பும் இணையப் பக்கம்), க்யூ (வந்த கோரிக்கைகளின் வரிசை), எஸ்எல்ஏ (இவ்வளவு நேரத்துக்குள் பதில் அல்லது தீர்வு என்ற உறுதி) தேவை. அது சர்வீஸ் மேனேஜ்மென்ட்டின் வேலை.

செலவும் இங்கேதான் பிரிகிறது. ஜிராவில் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். சர்வீஸ் மேனேஜ்மென்ட்டில் கோரிக்கைகளைக் கையாண்டு பதில் தரும் ஏஜென்ட்டுக்கு மட்டும். போர்ட்டலில் கோரிக்கை அனுப்புவோர் 500 பேர் இருந்தாலும் காசு கிடையாது. இலவசத் திட்டத்தில் ஜிராவுக்கு 10 பேர், சர்வீஸ் மேனேஜ்மென்ட்டுக்கு 3 ஏஜென்ட். டெவலப்பர்கள் எல்லோருக்கும் ஏஜென்ட் லைசென்ஸ் வாங்கிக் கொடுப்பது வீண். ஜிரா லைசென்ஸ் உள்ளவருக்கு அனுமதி கொடுத்தால் சர்வீஸ் டிக்கெட்டைப் பார்க்கலாம், வாடிக்கையாளருக்குத் தெரியாத உள்குறிப்பும் எழுதலாம். வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பதில் எழுத மட்டும் முடியாது. பெரும்பாலான குழுக்களுக்கு அதுவே பாதுகாப்பு.

இரண்டும் வேண்டியிருக்கும் குழுக்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘மூவ்’, அதாவது டிக்கெட்டை வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றுவது. புகார் ஒரு பக் (மென்பொருள் பிழை) என்று தெரிந்ததும் டிக்கெட்டை அப்படியே டெவலப்மென்ட் புராஜெக்ட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ரிக்வெஸ்ட் டைப் (போர்ட்டலில் தேர்ந்தெடுத்த கோரிக்கை வகை) போய்விடுகிறது, எஸ்எல்ஏ நின்றுவிடுகிறது, புகார் கொடுத்தவரின் போர்ட்டலிலிருந்தே டிக்கெட் மறைந்துவிடுகிறது. அவர் மறுபடி புதிதாக ஒன்றைத் திறப்பார். மூவ் செய்யாதீர்கள். பக்குக்குத் தனி டிக்கெட் திறந்து அசலோடு லிங்க் செய்யுங்கள். பக் ‘டன்’ ஆனதும் அசல் டிக்கெட்டில் உள்குறிப்பு விழும்படி ஒரு ஆட்டோமேஷன் ரூல் (தானாக இயங்கும் விதி) போட்டுவிட்டால் ஏஜென்ட் சரிபார்த்துப் பதில் அனுப்புவார். ரூலே நேராகப் பதில் அனுப்புவது வேண்டாம். ‘டன்’ என்றால் பல குழுக்களில் புரோகிராம் எழுதி முடிந்தது என்றுதான் பொருள், வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்ஷனுக்கு இன்னும் போயிருக்காது.

எஸ்எல்ஏ வைக்கும்போது முதலில் காலண்டரை உங்கள் வேலை நேரத்துக்கு மாற்றுங்கள். 24 மணி நேரக் காலண்டர் இருந்தால் வெள்ளி மாலை வந்த கோரிக்கை திங்கள் காலைக்குள் சிவப்பாகிவிடும். ‘வெயிட்டிங் ஃபார் கஸ்டமர்’ (வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு) நிலையில் கடிகாரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். டிக்கெட்டை மூடிய பிறகும் கடிகாரம் ஓடினால் ரெசல்யூஷன் புலம் (எப்படித் தீர்ந்தது என்று பதியும் இடம்) காலியாக இருக்கும். தீர்வு நேரத்தை நிறுத்தும் நிபந்தனை வழக்கமாக அந்தப் புலம்தான், ஸ்டேட்டஸ் அல்ல. மூடும் டிரான்சிஷனில் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் படி) ஒரு போஸ்ட் ஃபங்ஷன் (மாறியதும் தானாக நடக்கும் செயல்) சேர்த்து அதை நிரப்பச் செய்யுங்கள். மறுபடி திறக்கும் டிரான்சிஷனில் அழிக்கவும் செய்யுங்கள்.