‘ரா பவர்’ மறுவெளியீடு: எந்த மிக்ஸ், எந்த அறை, எவ்வளவு சத்தம்

அட்டையில் ‘ரீமாஸ்டர்’ என்று போட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் இக்கி அண்ட் த ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ரா பவர்’ ஆல்பத்தை வாங்கிவிடாதீர்கள். ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே அட்டைப் படத்தோடு, இரண்டு வேறு மிக்ஸ்கள் (குரலும் வாத்தியங்களும் எவ்வளவு சத்தத்தில், எந்தப் பக்கத்தில் கேட்க வேண்டும் என்று கலந்த கலவைகள்) இன்று புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் வாசித்தவர்கள் அதே நால்வர்தான், பாடல்களும் அதே எட்டுதான். ஆனால் காதில் விழுவது வேறு வேறு இசைக்குழு.

1972 செப்டம்பர், அக்டோபரில் லண்டனில் உள்ள சிபிஎஸ் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. இக்கி பாப் பாட்டு, ஜேம்ஸ் வில்லியம்சன் கிடார், அதுவரை கிடார் வாசித்துவந்த ரான் ஆஷ்டன் பேஸ், அவர் தம்பி ஸ்காட் ஆஷ்டன் டிரம்ஸ். இக்கி முதலில் செய்த மிக்ஸில் வாத்தியங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், குரல் மறுபக்கம் என்று ஒதுங்கிக் கிடந்தன. அதை அப்படியே வெளியிட கம்பெனி ஒப்பவில்லை. ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி அழைக்கப்பட்டு, ‘சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்’ தவிர மற்ற ஏழு பாடல்களையும் ஹாலிவுட்டில் ஒரே நாளில் மறுபடி மிக்ஸ் செய்தார்; அந்த ஒன்று மட்டும் இக்கியின் மிக்ஸிலேயே நின்றது. இருபத்துநான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் (டிராக்) பதியக்கூடிய டேப்பில் மூன்று டிராக்குகளில்தான் ஒலி இருந்தது என்று போவி பின்னாளில் நினைவுகூர்ந்தார்: குழு முழுவதும் ஒன்றில், லீட் கிடார் ஒன்றில், குரல் ஒன்றில். அவர் கைக்கு வந்த டேப் அப்படியென்றால், டிரம்ஸைத் தனியாக ஏற்றவோ பேஸைத் தனியாகத் தூக்கவோ வழியில்லை. 1973 பிப்ரவரியில் வந்த இசைத்தட்டில் குரலும் லீட் கிடாரும் முகத்துக்கு நேரே நிற்க, டிரம்ஸும் பேஸும் பின்சுவருக்கு அப்பால் ஒலிப்பதற்கு அவர் தரும் விளக்கம் இது. வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசைக்குப் பங்க் என்ற பெயர் நிலைப்பதற்கு முன்பே வந்த தட்டு இது. பின்னால் வந்த பங்க் கிடார்காரர்கள் வில்லியம்சனின் கையை இதில்தான் படித்தார்கள்.

ரீமாஸ்டர் என்பது முடிந்துபோன இரண்டு சேனல் மிக்ஸை எடுத்து, மேல் ஒலி, கீழ் ஒலி, சத்த அளவு ஆகியவற்றைத் திருத்துவது. ரீமிக்ஸ் என்றால் மூல டிராக்குகளுக்கே திரும்பிப் போய், ஒவ்வொரு வாத்தியத்தின் இடத்தையும் புதிதாக முடிவு செய்வது. 1997இல் இக்கி பாப் செய்தது ரீமிக்ஸ். பேஸும் டிரம்ஸும் முன்னால் வந்தன, உண்மையிலேயே பெரிய லாபம் அது. அதோடு சத்தத்தையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த சிடியின் சராசரி அளவு மைனஸ் 4 டெசிபல் அருகே நிற்கிறது. டிஜிட்டலில் உச்சவரம்பு பூஜ்யம். சராசரியே அதற்கு நான்கு டெசிபல் கீழே என்றால், டிரம் அடி எழும்ப இடமே இல்லை. அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. ஸ்காட் ஆஷ்டனின் ஸ்னேர் டிரம் ‘டப்’ என்று அறையாமல் ‘சர்’ என்று தேய்ந்து கேட்பதற்குக் காரணம் இந்தக் கிளிப்பிங்தான், அவர் கை அல்ல.

2010இல் வந்த லெகசி பதிப்பு போவி மிக்ஸை எடுத்து ரீமாஸ்டர் செய்தது. இரண்டாவது சிடியில் 1973 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த நேரடி நிகழ்ச்சி இருக்கிறது. 2012இல் இரண்டு மிக்ஸையும் சேர்த்து இரட்டை எல்பி வந்தது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் பாடல் பெயருக்குப் பின்னால் ‘போவி மிக்ஸ்’, ‘இக்கி மிக்ஸ்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் தேர்வு 2010. டிரம்ஸ் பின்னால் இருக்கிறது, உண்மை. ஆனால் அடி அடியாகவே கேட்கிறது.

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம், நீங்களே ஒப்பிடுங்கள். ஆனால் சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது வீண். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் ‘நல்லது’ என்று சொல்லும். இரண்டு சிடியிலிருந்தும் ஒரே பாடலை வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுங்கள், எம்பி3 வேண்டாம். அடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் இரண்டையும் அடுத்தடுத்த டிராக்குகளில் திறங்கள். முதலில் கிளிப்பிங் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். சத்தத்தைக் குறைத்த பிறகு பார்த்தால் சிவப்புக் கோடுகள் மறைந்திருக்கும், தட்டையான தலைகள் மட்டும் அப்படியே இருக்கும். சில மாஸ்டர்களில் உச்சத்தைப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே வெட்டியிருப்பார்கள், அப்போது சிவப்பே வராது. அலையைப் பெரிதாக்கிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகு லவுட்னெஸ் நார்மலைசேஷனில் இரண்டையும் மைனஸ் 20 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆர்எம்எஸ் என்ற வெறும் சராசரி அளவில் சமன் செய்தால் பேஸ் மிகுந்த 1997 மிக்ஸ் காதுக்குச் சன்னமாகக் கேட்டு, ஒப்பீடு போவி பக்கம் சாயும். எல்யுஎஃப்எஸ் காதின் கூர்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பாடலின் தொடக்கத்தை ஒரே கோட்டில் நிறுத்தி, சோலோ பொத்தானால் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

‘கிம்மி டேஞ்சர்’ பாடலில் தொடங்குவது நல்லது. போவி மிக்ஸில் அக்கூஸ்டிக் கிடாரின் நரம்பும் இக்கியின் தாழ்ந்த குரலும் இடைவெளியோடு நிற்கும். அதே இடத்தை 1997இல் கேட்டால் பேஸ் வந்து தரை போடும், ஆனால் மென்மைக்கும் வெடிப்புக்கும் நடுவே இருந்த தூரம் சுருங்கியிருக்கும். ‘சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்’ இதற்கு நேர்மாறு. அதில் பேஸ் முன்னால் வந்தது பாடலுக்கே வலு.

இனி அறை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு மிக்ஸ் அளவுக்கு இதுவும் முக்கியம். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடிபோல் மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு. இப்படிப்பட்ட பரப்பு தன் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும், மிச்சம் முழுக்கத் திரும்பி வரும். பெரிய கூடமான பட்டகசாலையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்’ என்று நடுங்கும் எதிரொலி வந்தால், அது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவது. வில்லியம்சனின் கிடார் கடிப்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. அந்தப் பகுதியும் இந்தச் சுவர்களில் அப்படியே தெறிக்கும். 1997 சிடியை அங்கே போட்டால் பத்து நிமிடத்தில் காது சலித்துவிடும்.

இந்த வீடுகளுக்கே வாய்த்த ஒரு நல்ல இடம் உண்டு. வீட்டின் உள்கட்டான வளவின் நடுவே திறந்திருக்கும் முற்றத்துக்குள் போன ஒலி வானத்துக்குப் போய்விடும், அந்த வழியாகத் திரும்பாது. முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரமான சுற்றுப்பத்தியில் ஸ்பீக்கர்களை முற்றம் பார்க்க வையுங்கள். பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளியும், ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியிலும் இருக்கட்டும். முற்றத்துக்கு முதுகு காட்டி, இரண்டிலிருந்தும் ஆறடியில் உட்காருங்கள். உங்களைக் கடந்து போகும் ஒலியில் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஜமுக்காளம் இரண்டு மடிப்பாக, ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவரில் நாலங்குல இலவம்பஞ்சு மெத்தை ஒன்று சாய்த்து வைத்தால் போதும். நாலங்குலத் தடிமன் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும், கிடார் கடிக்கும் பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. ஜமுக்காளம் மட்டும் போட்டால் மேல் ஒலி மட்டும் மங்கி, நடு ஒலி இரைச்சலாகவே நிற்கும்.

பக்கத்து அறைக்குள் போனால் வேறு தொல்லை. பத்தடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி நின்று வீங்கும். பேஸ் கிடாரின் திறந்த ‘ஏ’ நரம்பு 55 ஹெர்ட்ஸ். ரான் ஆஷ்டன் அந்த நரம்பைத் தொடும்போதெல்லாம் அறை முழங்கும், பக்கத்து நரம்பில் அடங்கும். இதை மிக்ஸின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தாலே பாதிக்கு மேல் சரியாகும். மத்தியானம் ஆச்சி கண்ணயரும் நேரத்தில் ஹெட்போன்தான் வழி, அதில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

எல்பி வாங்குபவர்களுக்கு: ஆல்பம் மொத்தம் 34 நிமிடம், பக்கத்துக்குச் சராசரி 17. இந்த அளவு எல்பிக்கு மிகச் சௌகரியம், பள்ளத்தை அகலமாக வெட்ட இடம் கிடைக்கும். ஆனால் 33⅓ வேகத்தில் விளிம்பில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடும் பள்ளம், உள்வட்டத்தில் 21 செ.மீ.தான் ஓடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கிக் கிடப்பதால் ஊசி தடுமாறும். இரண்டாம் பக்கக் கடைசியில் இருக்கும் ‘டெத் டிரிப்’ இந்த ஆல்பத்தின் மிக இரைச்சலான பாடல்களில் ஒன்று. அது கரகரத்தால் முதலில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும், அது தட்டில் அழுத்தும் எடையையும் பாருங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், 1.8க்குக் கீழே போகக்கூடாது. எடை குறைந்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான எண்ணம். இலேசான ஊசி பள்ளத்தில் குதித்துச் சுவரைச் சிதைக்கும்.

நம் ஊர்ச் செம்மண் தூசி நுண்ணியது, பள்ளத்துக்குள் இறங்கினால் உலர்ந்த பிரஷ்ஷுக்கு முழுக்க வராது. டிஸ்டில்டு வாட்டரில் ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு படிந்து ‘பட் பட்’ என்று கேட்கும். விரல் எண்ணெய் இருந்தால் மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். இந்தக் கலவையை வீட்டுப் பரணில் இருக்கும் 78 வேகத் தட்டுகளில் மட்டும் தொடவே தொடாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரையும். ஏ.வி. மெய்யப்ப செட்டியார் குடும்பம் காரைக்குடியிலேயே கிராமபோன் தட்டு விற்ற ஊர் இது, அந்தக் காலத் தட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு டிஸ்டில்டு வாட்டரும் மென்துணியும் மட்டுமே. லேபிளில் ஈரம் படக்கூடாது, துடைத்த உடனே உலர்த்திவிட வேண்டும்.

எல்பியை இரும்பு பீரோவுக்குள்ளோ வெயில் விழும் சன்னலோரத்திலோ வைக்காமல், மரப் பெட்டகத்தில் நேராக நிறுத்தி வையுங்கள். சாய்த்து வைத்த தட்டு சித்திரை வெயிலில் வளைந்துவிடும், வளைந்தது எளிதில் நிமிராது.