வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்குள்ள ஒரு தண்ணித் தோட்டம்

எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட்டில பல்கனி இல்லை, அதால ஹோலுக்குள்ளயே மண் இல்லாம, அல்பர்ட் கரைசல்ல (செடிக்கு உரம் கரைச்ச தண்ணி) துளசியும் தக்காளியும் வளர்க்கிறன். போன கிழமை விடிய எழும்பிப் பாத்தா நிலம் முழுக்கத் தண்ணி! தக்காளி வேர் போய் வடியிற பைப்பை அடைச்சிட்டுது. உள்ள வாற பைப்பும் வெளிய போறதும் ஒரே அளவில போட்டதுதான் பிழை, பம்ப் தள்ளித்தான் தண்ணி உள்ள வருது ஆனா வெளிய தானாத்தானே வடியோணும், அதால வடியிற பைப் கட்டாயம் பெரிசா இருக்கோணும், இப்ப அரை இஞ்சைக் கழட்டி 1 இஞ்ச் போட்டு வாயில வலையும் வைச்சிட்டன், கிழமைக்கு ஒருக்கா வேரையும் தூக்கிப் பாக்கிறன்.

ஹோலுக்குள்ள செடி உயரமாப் போனா? துளசி பிரச்சினையே இல்லை, கணுவுக்கு மேல கிள்ளினா ரெண்டு கிளையா விரியும். தக்காளிதான் மேல வெளிச்சத்துக்குப் போட்ட லைட்டைத் தொட்டு இலை கருகிட்டுது. லைட்டைத் தூர வைச்சாலும் மெலிஞ்சு நெட்டையாப் போகுது, அதால சங்கிலியில தொங்கவிட்டு செடி வளர வளர உயர்த்திறன். அடுத்தமுறை குட்டை இனம்தான்.