இசட் மட்டும் தப்பியது

இரவு ஒன்றரை மணிக்குத் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். பாஷ் என்ற கட்டளை மொழியில் எழுதியது, மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி. அறிக்கைகள் வந்து விழும் ஃபோல்டருக்குள் போகும், ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கும் ஃபைல்களை அழிக்கும், வெளியே வந்துவிடும். எங்கள் குழுவில் அப்படி ஒரு பழக்கம்: நடுவில் உருவாகும் தற்காலிக ஃபைல்களுக்குச் சின்ன எழுத்தில் பெயர், வேலை முடிந்த அறிக்கைகளுக்குப் பெரிய எழுத்தில் பெயர். யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. ஸ்கிரிப்டில் உருப்படியான வரி ஒன்றுதான். அழிக்கும் கட்டளை, அதன் பின் சதுர அடைப்புக்குறிக்குள் சின்ன ஏ, ஒரு சிறு கோடு, சின்ன இசட், கடைசியில் ஒரு நட்சத்திரக்குறி. ஏ முதல் இசட் வரை ஏதாவது ஓர் எழுத்தில் தொடங்கி, அதன் பின் எது வந்தாலும் சரி என்று பொருள். கோடு போட்டுச் சொல்லும் இந்த ‘இது முதல் அது வரை’க்கு வீச்சு என்று பெயர். இரண்டு வருடம் இது ஒரு தொந்தரவும் தராமல் ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம் அந்த சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது. இரவு வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நானே உள்ளே போய் அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். இடம் கிடைத்தது. எதிர்பார்த்ததைவிட நிறையவே கிடைத்தது. வயிற்றைக் கலக்கியதும் அதுதான். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டே இரண்டு ஃபைல்கள். இரண்டும் பெரிய இசட்டில் தொடங்குபவை.

பேக்கப் இருந்ததால் வேலை போகவில்லை. அன்று பகலில் உருவான அறிக்கைகளை மட்டும் மறுபடி ஓட்டி எடுக்க வேண்டியிருந்தது, அது நள்ளிரவு வரை இழுத்தது. எல்லாரும் முதலில் சொன்னது, "கை தவறி ஏதோ தட்டியிருப்பீங்க." எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. நட்சத்திரக்குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் டெர்மினல் வரலாற்றைப் பார்த்தால் நான் தட்டியது ஸ்கிரிப்டின் பெயரை மட்டும்தான். ஸ்கிரிப்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கை தவறியிருந்தால் எல்லாமே போயிருக்க வேண்டும். அந்த இரண்டு இசட் மட்டும் எப்படிப் பிழைத்தன?

மறுநாள் ஒரு காலி ஃபோல்டரில் ஆறு வெற்று ஃபைல்களை உருவாக்கினேன்: ஏ, எம், இசட், ஒவ்வொன்றும் சின்னதில் ஒன்று, பெரியதில் ஒன்று. அழிக்கும் கட்டளையை எடுத்துவிட்டு, கிடைக்கும் பெயர்களைத் திரையில் காட்டும் எக்கோவைப் போட்டேன். (இதை முந்தின நாளே செய்திருக்கலாம். தெரியும்.) கையால் ஓட்டினால் ஐந்து பெயர்கள் வந்தன, பெரிய இசட் மட்டும் இல்லை. அதே ஸ்கிரிப்டை, இரவில் குறித்த நேரத்தில் தானாக ஓட்டிவிடும் கிரானில் போட்டு ஓட்டினால் மூன்று பெயர்கள், மூன்றும் சின்ன எழுத்து. அதே சர்வர், அதே பயனர், அதே ஃபைல்கள், அதே வரி. அரை நாள் அந்த வரியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு மூத்த சிஸ்டம் அட்மின் இருந்தார். அதிகம் பேச மாட்டார். என் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, வரியைப் பாத்தது போதும். ரெண்டு இடத்துலயும் என்விரான்மென்ட்டை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு" என்றார். பார்த்தேன். ஒரு நிரல் கிளம்பும்போது கூடவே எடுத்துப்போகும் அமைப்பு மாறிகள்தான் என்விரான்மென்ட். நான் லாகின் செய்யும்போது, மொழியைச் சொல்லும் லாங் என்ற மாறிக்கு அமெரிக்க ஆங்கிலம், யூடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) என்று மதிப்பு ஏறிவிடுகிறது. கிரான் அதையெல்லாம் ஏற்றிக்கொள்வதில்லை. வெறுங்கையோடுதான் ஸ்கிரிப்டைக் கிளப்பும், அதனால் அங்கே ‘சி’ என்ற மொட்டை லோக்கேல். லோக்கேல் என்றால் எந்த மொழி, எந்த எழுத்து வரிசை என்று சொல்லும் அமைப்பு.

‘சி’ லோக்கேலில் வரிசை என்றால் ஆஸ்கி எண் வரிசை, அதாவது ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணின் வரிசை. பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சின்ன எழுத்துகள் 97 முதல் 122 வரை. இரண்டும் தனித்தனிக் கூட்டம். ஆங்கில லோக்கேலில் அகராதி வரிசை. சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று ஜோடி ஜோடியாகப் போய், சின்ன இசட், பெரிய இசட் என்று முடியும். இந்த வரிசையில் சின்ன ஏயில் தொடங்கிச் சின்ன இசட்டில் நிறுத்தினால், ரயிலின் கடைசிப் பெட்டி மட்டும் பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்பதுபோல, பெரிய இசட் ஒன்றுதான் வெளியே நிற்கும். நடுவில் இருக்கும் பெரிய எழுத்துகள் அத்தனையும் உள்ளே. இரண்டு ஃபைல் எப்படிப் பிழைத்தன என்பதற்கு இதைவிட நேரான விடை இருக்க முடியாது.

பாஷ் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நான் படித்ததில்லை, அவ்வளவுதான். அந்த சர்வரில் இருந்தது பாஷ் 4.2. அடுத்து வந்த 4.3-இல், வீச்சை ஆஸ்கி வரிசைப்படியே எடுக்கச் சொல்லும் குளோப் ஆஸ்கி ரேஞ்சஸ் என்று ஒரு தேர்வைச் சேர்த்தார்கள், 5.0-இல் அது இயல்பாகவே இயங்கும் நிலைக்கு வந்தது. ஆகவே புதிய சர்வரில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு "இவன் கதை விடுகிறான்" என்று யாரும் நினைக்க வேண்டாம். இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே உண்டு. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான 1992-ஆம் ஆண்டு பாசிக்ஸ் தரநிலை, வீச்சு என்பது லோக்கேலின் வரிசைப்படிதான் என்று வைத்தது. எண்ணம் நல்லதுதான், அவரவர் மொழிக்கு அவரவர் வரிசை. நடைமுறையில் பல வருடம் பலரை அலைக்கழித்த பிறகு, 2008-இல் ‘சி’ லோக்கேலுக்கு வெளியே வீச்சுக்கு வரையறுத்த பொருளே இல்லை என்று அதே தரநிலை கைகழுவிவிட்டது. உரையை அலசும் நிரலான ஜிஎன்யூ ஆக், 4.0-இல் பழைய ஆஸ்கி அர்த்தத்துக்கே திரும்பிவிட்டது.

சரி, தீர்வு? ஸ்கிரிப்டின் தலையில், லோக்கேல் முழுவதையும் ஒரேயடியாக மாற்றும் எல்சி-ஆல் மாறிக்கு ‘சி’ என்று கொடுத்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஒரு மாதம் கழித்து அது வேறு இடத்தில் கடித்தது. ஃபைல் பெயரின் நீளத்தைப் பார்க்கும், கையால் ஓட்டும் இன்னொரு ஸ்கிரிப்டிலும் அதே வரியைப் போட்டிருந்தேன். ‘சி’ லோக்கேலில் பாஷ் பைட்டைத்தான் எண்ணும். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோட் கணக்கில் ஐந்து குறியீடு, யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் பதினைந்து. வரிசையை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் எல்சி-கொலேட் ஒன்றை மாற்றினால் போதும், எல்சி-ஆல் எங்கும் வைக்கப்படாமல் இருக்கிற வரை. இருந்தால் அதுதான் ஜெயிக்கும். இன்னொரு வழி, வீச்சையே கைவிட்டு ‘லோயர்’ என்ற எழுத்து வகையைப் பயன்படுத்துவது. எனக்கு இதுதான் பிடிக்கும். ‘சின்ன எழுத்து வேண்டும்’ என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறோம், எதற்கும் எதற்கும் நடுவில் என்ற பேச்சே இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் தலைக்கோடு போட்ட ஈ மாதிரி எழுத்துகளும் அதற்குள் வரும், அது வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

இதைச் சரிசெய்யும்போதுதான் கவனித்தேன், அந்த 4.2-இல் இரட்டை சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்களைச் சிறியது பெரியது என்று ஒப்பிட்டால் லோக்கேல் வரிசை, ஒற்றை அடைப்புக்குறிக்குள் ஒப்பிட்டால் ஆஸ்கி வரிசை. ஒரே ஸ்கிரிப்டில் அடுத்தடுத்த வரிகளில் இரண்டு நியாயம்.

அதற்கப்புறம் இந்தக் கோடு எங்கே தென்பட்டாலும் கண் அங்கே போய் நிற்க ஆரம்பித்தது. பெரிய ஏயில் தொடங்கிச் சின்ன இசட்டில் முடியும் வீச்சை எத்தனையோ ரீஜெக்ஸில் (உரையில் தேட எழுதும் வடிவங்களில்) பார்த்துவிட்டேன். 52 எழுத்தையும் ஒரே மூச்சில் பிடித்துவிட்டோம் என்று நினைப்பார்கள், கூடவே ஆறு குறிகள் ஓசியில் வந்து ஏறும்: இரண்டு சதுர அடைப்புக்குறிகள், பின்சாய்வு, கூரைக்குறி, அடிக்கோடு, பின்மேற்கோள். 1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் சின்ன எழுத்துகளே கிடையாது. பிறகு சேர்த்தபோது பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் சரியாக 32 தள்ளி வைத்தார்கள், ஒரே ஒரு பிட்டை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். எழுத்து 26, இடம் 32. மிச்சம் ஆறு.

பிஎச்பி மொழியில் சின்ன ஏயிலிருந்து சின்ன இசட் வரை ஒரு லூப் போட்டு, 26 பெயர்கள் வரவேண்டிய இடத்தில் 676 வந்ததையும் பார்த்திருக்கிறேன். அங்கே இசட்டுக்கு ஒன்று கூட்டினால் இரட்டை ஏ வரும், அகராதிப்படி இரட்டை ஏ இசட்டுக்கு முந்தியதுதானே? நிபந்தனை உண்மையாகவே இருக்கும், ஒய்-இசட் ஜோடி வரைக்கும் நிற்காமல் போகும். எழுதிய பையன் பாவம், அவன் மேல் தப்பே இல்லை.

என்னை உண்மையில் வெட்கப்பட வைத்தது நம் எழுத்துதான். ஒரு கலைச்சொல் பட்டியலை முதல் எழுத்துவாரியாகப் பிரிக்கும் வேலை. பைத்தானில் இரண்டு வீச்சுகள் போதும் என்று எழுதினேன். உயிருக்கு [அ-ஔ], மெய்க்கு [க-ன]. இரண்டிலும் சேராதது ‘மற்றவை’. சின்ன வயதில் மனப்பாடம் செய்த வரிசை, ககரத்தில் ஆரம்பித்து னகரத்தில் முடியும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓட்டினால் ‘மரம்’, ‘வானம்’, ‘பறவை’ எல்லாம் மற்றவையில் கிடக்கின்றன. ‘மற்றவை’ என்ற சொல்லே பட்டியலில் இருந்திருந்தால் அதுவும் அங்கேதான் போயிருக்கும்.

யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி குறியீட்டு அடுக்கைப் பின்பற்றி, தேவநாகரி எழுத்துகளுக்கு இணையான இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்தது. அதனால் ‘ன’ கடைசியில் இல்லை, ‘ந’வுக்கு அடுத்த இடத்தில், ‘ப’வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. என் வீச்சு அங்கேயே நின்றுவிட்டது. பதினெட்டு மெய்யில் சரிபாதி, ஒன்பதுதான் உள்ளே. ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற எல்லாம் வெளியே. அழைக்காமலே ‘ஜ’ உள்ளே வந்துவிட்டதால் ‘ஜன்னல்’ மட்டும் சௌகரியமாக மெய்யெழுத்துப் பட்டியலில் இடம் பிடித்திருந்தது. ‘ஃபைல்’ உயிரிலும் இல்லை, மெய்யிலும் இல்லை, ஆய்த எழுத்தின் எண் அகரத்துக்கும் முந்தியது. சரி என்று [அ-ஹ] என்று அகலப்படுத்தி முழுச் சொல்லையும் சோதித்தால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஹகரத்துக்கு அப்பால் இருக்கின்றன, ‘தமிழ்’ என்ற சொல்லே தமிழ் இல்லை என்று பதில் வருகிறது. பைத்தானின் சொல்லெழுத்துக் குறியும் இதில் உதவாது, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியில் பதினெட்டு மெய்யையும் ஒவ்வொன்றாகத் தட்டி ஒரு பட்டியலாக வைத்தேன். அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை வைத்தே வரிசைப்படுத்தலையும் முடித்துக்கொண்டேன். மொழிவாரியாக வரிசைப்படுத்தித் தரும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தைத் தமிழ் லோக்கேலோடு போட்டிருக்கலாம்தான், இவ்வளவு சின்ன வேலைக்கு மனம் வரவில்லை.

போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு இவ்ளோ நீளமா எழுதிருக்கீங்க? க-ன-ன்னு போட்டா முடிஞ்சுது" என்று மாற்றி அனுப்பியிருந்தார். நான் ஒன்றும் விளக்கம் எழுதவில்லை. ‘வானம்’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சோதனை ஃபைலில் சேர்த்து, திருப்பி ஓட்டச் சொன்னேன்.