குறிஞ்சிக்கு ஒரு விளையாட்டுக் கதை: கார்த்திகை, மார்கழிக் குறிப்புகள்

1 டிசம்பர் 2025, திங்கள், பெருமாள்மலை

ஒரு வாரமாக எழுதிய திட்டத்தை இன்று காலையில் கிழித்துப் போட்டேன். வயதுவந்தோருக்கான ஊடாட்டக் கதை, அதாவது வாசகரே அடுத்த வழியைத் தேர்ந்தெடுத்துப் போகும் கதை, என்றதும் என் கை படுக்கையறைக் காட்சியை முதலில் எழுதிவிட்டு, அங்கே போய்ச் சேர நான்கு வழிகளைப் பிறகு ஒட்டவைத்திருந்தது. எப்படிப் போனாலும் அதே அறைதான் என்று தெரிந்துவிட்டால், வாசகர் எதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு குறிஞ்சித் திணையை மறந்தேன் என்பதுதான் வேடிக்கை. அதன் உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய உணர்வு, புணர்தல் மட்டுமன்று, புணர்தல் நிமித்தமும் (அதற்கு முன்னும் பின்னும் சூழ்ந்தவையும்) ஆகும். அந்த 'நிமித்தம்' என்ற சொல்லுக்குள்தான் விளையாட்டுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. சங்கப் பாட்டுகளில் கூடலைச் சொல்லும் அடிகள் குறைவு; உறங்காத தாய், குரைக்கும் நாய், ஊர்காவலர், யானை நடமாடும் வழி, ஊரார் தூற்றும் அலர் என்று தடைகளே பாட்டை நிறைக்கின்றன.

4 டிசம்பர், வியாழன்

பௌர்ணமி. ஒன்பதரை மணிக்கு மேகம் விலகியதும் எதிர்ச்சரிவில் இருக்கும் வீடுகளின் வாசற்படிகூடத் தெரிந்தது. காதலர் இரவில் மறைவாகச் சந்திக்கும் இரவுக்குறிக்கு நிலவு பகை என்று படித்ததை இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உடனே எழுந்துபோய்க் கதைக்குள் ஒரு நாட்காட்டியைச் சேர்த்தேன்: வளர்பிறையில் தலைவன் வந்தால் அலர் கூடும்.

ஆட்களும் அமைந்துவிட்டார்கள். சங்கத் தலைவியின் இளவயதை இன்றைய கதைக்குள் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆகவே என் தலைவிக்கு வயது 41. பூம்பாறையில் பூண்டு போடுகிறவள், கணவனைப் பிரிந்து தாயோடு இருப்பவள். தலைவனுக்கு 46, அந்தப் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிக்காரன். இருவருக்கும் பெயர் வைக்கவில்லை. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லலாகாது என்ற தொல்காப்பிய விதி, இரண்டாயிரம் ஆண்டு கழித்து எனக்கு வசதியாக இருக்கிறது.

7 டிசம்பர், ஞாயிறு

இன்று கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தேர்வு என்று வைத்து, பத்துப் படி கிளை பிரித்தால் 1024 முடிவுகள் வரும், ஆயுள் போதாது. ஆகவே கிளைகளை மறுபடி ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு, நடந்ததை மாறிகளில், அதாவது கதை ஓட ஓட மாறும் எண்களில், நினைவு வைத்துக்கொள்வதுதான் வழி. ஊடாட்டக் கதை எழுத உதவும் ட்வைன் என்ற மென்பொருளில் இது எளிது. எழுதி முடித்தால் கதை முழுவதும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக வந்துவிடும். எனக்கு முதல் மாறி அலர். பகலில் பூண்டுக் கொட்டகை முன்னால் வண்டி நின்றால் இரண்டு கூடும். தேநீர்க் கடையில் அவனுக்கும் சேர்த்து அவள் காசு கொடுத்தால் ஒன்று. அலர் ஏழு ஆகிவிட்டால் இற்செறிப்பு, அதாவது தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைப்பது. நாற்பது வயதுக்காரியை யாரும் வீட்டுக்குள் பூட்ட முடியாது. ஆனால் அண்ணன் வந்து கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டு போகலாம். அதை எழுதும்போது எனக்கே வயிறு எரிந்தது.

10 டிசம்பர், புதன்

அல்லகுறிப் பக்கம், அதாவது வேறொரு சத்தத்தை அவன் வந்த குறி என்று அவள் ஏமாறும் பக்கம், ஒருவழியாக வந்துவிட்டது. தகரக் கூரையில் சிறுகல் ஒன்று விழுந்தால் அவன் வந்திருக்கிறான் என்பது அவர்களுக்குள் குறி. காற்றடித்துத் தைல மரத்துக் காய் ஒன்று அதே கூரையில் விழுகிறது. வாசகருக்கு இரண்டு இணைப்புகள்: 'தாழ்ப்பாளை எடு', 'புரண்டு படு'. எடுத்தால் பனியும் இருட்டும்தான். கால் விறைக்க நின்றுவிட்டுத் திரும்புகிறாள், தாயின் இருமல் நின்றிருக்கிறது. அதே இரவில் பின்னொரு முறை உண்மையாகவே கல் விழும்போது, முன்பு ஏமாந்தவளுக்குத் தாழ்ப்பாள் இணைப்பு உடனே தோன்றாது. வாசகர் ஒரு பக்கம் காத்திருந்தாக வேண்டும். இந்த ஒரு பக்கத் தாமதத்தில் இருக்கும் சூடு, கிழித்துப் போட்ட காட்சி முழுவதிலும் இல்லை.

வெளிப்படையாக எவ்வளவு எழுதுவது என்பதை வாசகரிடமே விடலாம். 1986இல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட 'லெதர் காடெஸஸ் ஆஃப் ஃபோபோஸ்' என்ற கணினி விளையாட்டு மூன்று நிலைகளை வைத்து, எது வேண்டும் என்று ஆடுபவரையே கேட்டது. எனக்கு இரண்டு போதும்.

13 டிசம்பர், சனி

எங்கே வெளியிடுவது என்ற கவலை. 2025 ஜூலையில், தனி ஆட்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச்.ஐஓ தளம், பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் நெருக்குதலால், வயதுவந்தோர் விளையாட்டுகளைத் தேடலிலிருந்து விலக்கியது. கோப்பு ஒன்றுதானே, கேட்பவருக்கு நேரடியாக அனுப்பிவிடலாம் என்று இப்போதைக்கு மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

17 டிசம்பர், புதன்

மார்கழி 2. கோவில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டது. பண்ணைக்காட்டிலிருந்து தோழி பேசினாள். நான் அனுப்பியிருந்த கதையை இரண்டு இரவுகளில் ஆடி முடித்திருக்கிறாள். "அக்கா, அவ வேண்டாம்னு சொன்னா கதை பொசுக்குன்னு முடிஞ்சிருது. வேண்டாம்னு சொன்னதுக்குத் தண்டனையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. மறுத்தால் 'முற்றும்' என்று போட்டுவிட்டு, ஒப்புக்கொண்டால் மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். சம்மதத்தைப் பற்றி எவ்வளவு கவனமாக எழுதினாலும், வாசகரை ஒரே திசையில் தள்ளும் அமைப்புக்கு அந்தக் கவனம் தெரியாது.

மாலைவரை அந்த 'முற்றும்' பக்கத்தை உடைத்தேன். இப்போது அவள் மறுத்த மறுநாள் விடிகிறது. பூண்டு மூட்டைகளை ஏற்ற அவன் வழக்கம்போல் வருகிறான். இருவரும் எடையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். மூட்டைக் கணக்கில் அவன் ஒன்றைக் குறைத்துச் சொல்கிறான், அவள் திருத்துகிறாள். அலர் இரண்டு இறங்குகிறது. இந்தக் கிளைக்கு இன்னும் முப்பது பக்கமாவது வேண்டும்.