பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்

“தாத்தா போயிட்டா, தாத்தாவுக்குத் தெரிஞ்ச நான் எங்க போவேன்?”

நாலரை வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் பெற்றவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து அதையே நாம் பிறரிடம் எப்படிச் சொல்கிறோம்? “இறந்தவர்களோட நினைவெல்லாம் என்ன ஆகும்னு கேட்டா.” கேள்வி ஏறக்குறைய அதுதான், பிள்ளைதான் அதில் இல்லை. நம் நினைவு மழலையைப் பெரியவர்களின் பேச்சாகத் திருத்திவிடுகிறது. அதனால் அன்றிரவே எழுதிவிடுங்கள். உச்சரிப்புப் பிழையோடு, பாதியில் நின்ற சொல்லோடு. தேதி போதாது, “4 வயது 7 மாதம்” என்று வயதையும் குறியுங்கள். சார்லஸ் டார்வின் 1839இல் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி அவ்வப்போது குறித்து வைத்திருந்ததால்தான், 37 ஆண்டுகள் கழித்து 1877இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட முடிந்தது.

பலரும் எழுத மறப்பவை இரண்டு: அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். முன்கதை இல்லாவிட்டால் சொல் அந்தரத்தில் தொங்கும். “அப்பாவுக்கு சார்ஜ் இல்ல, கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காதே” என்று ஒரு பிள்ளை தம்பியை அடக்குகிறது என்றால், காலையில் ஃபோன் அணைந்துபோனதை அது பார்த்திருக்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் இருப்பதோ கொஞ்சம் சொற்கள். அவற்றில் ஒன்றை எடுத்துப் புதிய இடத்தில் பொருத்துவதற்கு, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைப் பிள்ளை தானே கண்டிருக்க வேண்டும்.

வயதும் இதில் பேசும். ஒன்றரை வயதுக் குழந்தை அழும் அம்மாவிடம் தன் பொம்மையை நீட்டும். தனக்கு ஆறுதல் தருவதுதான் அம்மாவுக்கும் தரும் என்று நினைக்கும். 4 வயதையொட்டித்தான், எதிரில் இருப்பவர் தனக்குத் தெரிந்ததற்கு மாறாகவும் நினைத்துக்கொண்டிருக்கலாம் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. நம்மை அசரவைக்கும் பேச்சுகள் அந்த வயதிலிருந்து கூடுவதில் வியப்பில்லை.

அந்த நொடியில் நாம் செய்யும் தவறு, உடனே வாய் திறப்பது. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அது 3 விநாடியைத் தாண்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அவர்களே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். வீட்டுக்கும் அது பொருந்தும். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பிறகும் பேச்சு வரவில்லையென்றால் பிள்ளையின் சொல்லையே திருப்பிக் கொடுங்கள்: “எங்க போவேன்னு உனக்குத் தோணுது?” சிரித்துவிட்டாலோ, “என்ன அறிவு பாரு” என்று கொண்டாடினாலோ, “மாமாகிட்ட இன்னொரு தடவை சொல்லு” என்று இழுத்துப் போனாலோ, பிள்ளையின் கவனம் யோசனையிலிருந்து நம் முகத்துக்குத் தாவிவிடும். அடுத்த முறை அது சொல்வது நம் பாராட்டுக்காகத்தான். ஃபோனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினாலும் இதே கதைதான்.

ஒரு வகைப் பேச்சுக்கு மட்டும் நெகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. “அழாதேம்மா, இனிமே நான் சமத்தா இருக்கேன்.” கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் இந்த வயதில், வீட்டில் யார் வருந்தினாலும் அதற்குத் தானே காரணம் என்று பிள்ளை எளிதில் நம்பிவிடும். அணைத்துக்கொண்டு மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு வருத்தம்தான்; அது உன்னால் இல்லை; அதைச் சரிசெய்வது பெரியவங்க வேலை. “நீதான் எனக்கு ஆறுதல்” என்று சொல்லிவிட்டால், அந்த வேலையைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் அழுகையை அடக்கப் பழகும்.

நோட்டு, பிள்ளைக்கு ஒன்றாக இருக்கட்டும். இருவருக்கும் ஒன்றே என்றால் ஒப்பீடு தானாக நுழையும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் தங்குவதில்லை, அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். தான் அப்படிக் கேட்டதற்கு அந்தப் பிள்ளைக்கு மிஞ்சப்போகும் ஒரே சாட்சி அந்த நோட்டுதான். வாசிக்கத் தெரிந்ததும் முதலில் அதனிடமே கொடுங்கள். வேறு யாருக்காவது படித்துக் காட்டுவதென்றால் அதன்பிறகு, அதைக் கேட்டுக்கொண்டுதான்.