கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்: அறம், சமயம், மனித குலத்தின் வருங்காலம்

அறவியலைச் சொந்தமாகப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, "எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?" என்றுதான். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கல்லூரியில் தத்துவம் படித்தவன் அல்ல நான். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, இரவுகளில் படித்தவன். பாடத்திட்டமும் ஆசிரியரும் இல்லாதவருக்குப் புத்தகப் பட்டியல் அதிகம் உதவாது. அரிஸ்டாட்டிலில் தொடங்கிக் கால வரிசைப்படி போனால் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுவோம். எதற்காகப் படிக்க வந்தோம் என்பதும் மறந்துபோகும். உண்மையாகவே மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதே கேள்வியைப் பல மரபுகளிடம் கேட்பதே தனியாகப் படிப்பவருக்கு ஏற்ற வழி.

முதல் கேள்வி சிறியதாகவே இருக்கட்டும். நான் எடுத்துக்கொண்டது, நன்மைக்காகப் பொய் சொல்லலாமா என்பது. திருக்குறளின் வாய்மை அதிகாரம், யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று தொடங்குகிறது. அடுத்த குறள், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய குறள்தான். ஆனால் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் அதன் துணிச்சல் எனக்கு விளங்கியது.

கொலைகாரன் துரத்திவர, நண்பர் உங்கள் வீட்டுக்குள் வந்து ஒளிந்துகொள்கிறார். "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று வாசலில் நின்று அவன் கேட்கிறான். அப்போதும் பொய் கூடாது என்கிறார் கான்ட். படித்தவுடன் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு புத்தகத்தை மூடிவிடாமல் அடுத்த பத்தியைப் படியுங்கள். நீங்கள் இல்லை என்கிறீர்கள். நண்பரோ உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே வெளியேறியிருக்கிறார். திரும்பிப்போகும் கொலைகாரனிடம் தெருவில் அகப்பட்டுவிடுகிறார். அந்தச் சாவில் உங்களுக்குப் பங்கில்லையா என்று கேட்கிறார் கான்ட். விளைவை நம்பிப் பொய் சொன்னவர் விளைவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். இன்றும் நான் வள்ளுவர் பக்கம்தான். ஆனாலும் குற்றமற்ற நன்மை என்று அவர் வைத்த நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பதைக் கான்ட்டைப் படிக்காமல் அறிந்திருக்க மாட்டேன்.

அதே கேள்வியோடு பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களுக்குப் போனால், அபயன் என்ற இளவரசன் புத்தரை மடக்கப் பார்க்கும் உரையாடல் கிடைக்கும். பிறருக்குக் கசக்கும் சொல்லைப் புத்தர் சொல்வாரா என்பது அவன் கேள்வி. அவன் மடியில் கிடக்கும் குழந்தையைக் காட்டி, இது கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்கிறார் புத்தர். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், அதன் மேல் எனக்குள்ள இரக்கத்தால் என்கிறான் இளவரசன். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும் சொல்லை, கசந்தாலும், காலம் பார்த்துச் சொல்வேன் என்பது புத்தர் தரும் விடை. மூன்று நூல்களும் ஒரே கேள்விக்கு மூன்று திசையிலிருந்து பதில் சொல்கின்றன. இப்படி ஒரு முறை அமைந்துவிட்டால் அடுத்து எதைப் படிப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

குறிப்பேடு ஒன்று அவசியம். அதில் ஒரே விதிதான். நான் ஏற்காத கருத்தை, அதை நம்புகிறவர் படித்து "ஆம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதிவிட வேண்டும். என் மறுப்பு அதற்குப் பிறகே. இதற்கு மணிமேகலையைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில், அறியும் வழிகளை ஆராயும் அளவைவாதி தொடங்கி, உலகம் பூதங்களால் ஆனது என்னும் பூதவாதி வரை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்கிறாள் அவள். நேரில் கண்டதை மட்டுமே ஏற்பேன், அனுமானம் செல்லாது என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். கேட்டு முடித்த பிறகு எழுந்த கேள்வி என்பதால்தான் அதற்கு அத்தனை கூர்மை. பௌத்தக் காப்பியம் என்பதால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது முன்பே தெரிந்ததுதான். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். உரையில்லாமல் இந்தக் காதைக்குள் இறங்காதீர்கள். ந. மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரை இருக்கிறது.

பிற சமயங்களைப் படிக்கும்போது அவற்றின் எதிரிகள் எழுதியதில் தொடங்காதீர்கள். மூல நூலையும், அதை நம்புகிறவர் எழுதிய உரையையும் படித்துவிட்டு, அந்தச் சமயத்தில் வாழும் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் தேடிக் கண்டுபிடித்திருக்கவே முடியாத ஒன்றை உடன் வேலை பார்க்கும் இஸ்லாமிய நண்பர் அப்படித்தான் காட்டிக்கொடுத்தார். அது முஸ்னத் அஹ்மத் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ளது: இறுதி நாள் வந்துவிட்டாலும், உங்கள் கையில் ஒரு கன்று இருந்து, அதை நட முடியுமானால் நட்டுவிடுங்கள்.

இந்த நபிமொழி என்னை மூன்றாவது தலைப்புக்கு, வருங்காலத்துக்கு இழுத்துப்போனது. இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ தீவில், தரைக்கு அடியில் நானூறு மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து, அணுஉலைக் கழிவைப் புதைக்க ஓங்கலோ என்ற சுரங்கத்தை அமைத்திருக்கிறார்கள். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு அது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. நம் மொழியும் அரசும் சமயமும் அத்தனை காலம் தாங்குமா என்பதே தெரியாத நிலையில், யாரோ சிலருக்காக இவ்வளவு செலவு எதற்கு?

இங்கேதான் ஆங்கிலத் தத்துவஞானி டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'Reasons and Persons' என்ற நூல் தலையைச் சுற்றவைக்கிறது. வளங்களைத் தாறுமாறாகச் செலவழிக்க ஒரு நாடு முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முடிவால் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், யார் யாரை மணக்கிறார்கள், எந்தக் குழந்தை எப்போது உருவாகிறது என்பதெல்லாம் மாறிவிடும். இருநூறு ஆண்டுகள் கழித்து வறண்ட நிலத்தில் நிற்கிறவர்கள், வேறு முடிவு எடுக்கப்பட்டிருந்தால் பிறந்தே இருக்க மாட்டார்கள். அப்படியானால் நாம் யாருக்குத் தீங்கு செய்தோம்? பதில் இல்லை என்பதற்காகத் தீங்கே இல்லை என்று பார்ஃபிட் முடித்துவிடவில்லை. தீங்கைப் பற்றிய நம் வழக்கமான புரிதல்தான் போதவில்லை என்கிறார். நபிமொழியில் வரும் மனிதர் யாருடைய பயனையும் எண்ணி நடவில்லை; அனுபவிக்க ஆளே வரப்போவதில்லை. பார்ஃபிட்டின் சிக்கல் அவரைத் தொடவே தொடாது. இந்த இரண்டையும் அருகருகே எழுதிவைத்த பக்கம்தான் என் குறிப்பேட்டில் நான் அதிகம் திரும்பிப் பார்ப்பது.

அழிவைக் கணக்கிடும் புதிய நூல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் மனித குலம் மீள முடியாத பேரழிவைச் சந்திக்க ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று தத்துவஞானி டோபி ஆர்ட் 2020இல் எழுதினார். தோராய மதிப்பீடு என்று அவரே சொல்கிறார். படிக்கிறவர்களோ எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். கான்ட்டோடும் வள்ளுவரோடும் சில காலம் மல்லுக்கட்டியவருக்கு, எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அறக்கேள்வி கண்ணில் படும்.

பணம் பெரிய தடை அல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் மூல நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியமும் இலவசம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு கட்டுரையின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு மூலத்துக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாராவையும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பார்ஃபிட் நூலின் நான்காம் பகுதியே வருங்காலத் தலைமுறைகளைப் பற்றியது. நேராக அதற்கே போகலாம். முதல் மூன்று பகுதிகளைத் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.